ராத்திரியில் அழும் கால், காலையில் ஓடும் கால்

உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் அதைச் சுருக்கிவிடுகிறேன்.

மகளுக்கு 6 வயது, 18 கிலோ. மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள், தூங்கி ஒரு மணி நேரத்தில் எழுந்து "கால் வலிக்குதும்மா" என்று அழுகிறாள். சில நாள் கெண்டைக்கால், சில நாள் முட்டிக்குப் பின்பக்கம், சில நாள் தொடை. அமுக்கிவிட்டால் அரை மணியில் தூங்கிவிடுகிறாள். காலையில் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறாள். மாமியார் "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான்" என்கிறார். பக்கத்து வீட்டில் கால்சியம் சிரப் வாங்கச் சொல்கிறார்கள். காட்டிய இடத்தில் ரத்தம் எடுத்து, ஏஎஸ்ஓ (தொண்டைக் கிருமி வந்துபோனதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 380 என்று வந்ததால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில் என்று சொல்லிவிட்டார்கள். 11 வயது மகன் ஃபுட்பால் ஆடுகிறான். அவனுக்கும் முட்டிக்குக் கீழே புடைத்து வலிக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே நோயா, குடும்ப வியாதியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே நோய் இல்லை. குழந்தைகள் மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் இதே கதையை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மகளுக்கு இருப்பது பெரும்பாலும் "வளர்ச்சி வலி". மகனுடையது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன். குழந்தையை நேரில் தொட்டுப் பார்க்காமல் சொல்வதால் "பெரும்பாலும்" என்ற வார்த்தையைப் போட்டிருக்கிறேன், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி வலி என்ற பெயரைப் போட்டவர் பிரெஞ்சு மருத்துவர் மார்செல் டுஷாம், 1823-ல். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் பெயர் தப்பு. குழந்தை வேகமாக வளர்வது பிறந்த முதல் வருடத்திலும், அப்புறம் பருவமடையும் காலத்திலும். இந்த வலி வருவதோ 3 வயதிலிருந்து 12 வயது வரை, அதாவது வளர்ச்சி நிதானமாகப் போகிற வருடங்களில். எலும்பு நீள்வதால் வலிக்கவில்லை. பகலெல்லாம் ஓடிக் குதித்துக் களைத்த தசைகள் ராத்திரியில் குடைகின்றன என்பதுதான் ஓரளவு பொருந்துகிற விளக்கம். நிறைய ஆடிய நாளில் வலி கூடுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். மூட்டுகள் ரொம்ப வளைந்து கொடுக்கிற பிள்ளைகளுக்கும், அப்பாவோ அம்மாவோ சின்ன வயதில் இப்படி அழுதிருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கும் அதிகம் வருகிறது. ஆக, மாமியார் சொன்ன காரணம் சரியில்லை, சொன்ன முடிவு சரி.

வலி இந்த வகைதானா என்று தெரிந்துகொள்ள லேபைவிட உங்கள் கண்ணும் கையும் உபயோகம். அடுத்த முறை ராத்திரி அழும்போது "எங்கே வலிக்குது, காட்டு" என்று கேளுங்கள். வளர்ச்சி வலி உள்ள குழந்தை உள்ளங்கையால் காலை மேலிருந்து கீழ்வரை தடவிக் காட்டும். இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று மாற்றியும் சொல்லும். ஒரே விரலால் ஒரே இடத்தை, ஒவ்வொரு ராத்திரியும் அதே இடத்தை, தொட்டுக் காட்டுகிற குழந்தையை நான் சும்மா அனுப்ப மாட்டேன். அப்புறம் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்குங்கள். வளர்ச்சி வலி என்றால் "இன்னும் அமுக்கு" என்று காலை உங்கள் மடியில் போடும். எலும்பிலோ மூட்டிலோ நோய் இருக்கிற குழந்தை கையைத் தட்டிவிடும், போர்வை பட்டாலே கத்தும். இந்த ஒரு வித்தியாசம் பல ரத்தப் பரிசோதனைகளுக்குச் சமம்.

காலையில் இன்னொரு பரிசோதனை. பாண்டி ஆடச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் நொண்டியடித்து நான்கு கட்டம் போய், கால் மாற்றித் திரும்பி வரட்டும். அப்புறம் குத்தவைத்து உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கட்டும். இரண்டு காலிலும் பாண்டி ஆடிவிட்டு, குத்தவைத்து எழுந்து, "போதுமா" என்று கேட்கிற குழந்தைக்கு இடுப்பிலோ முட்டியிலோ கணுக்காலிலோ பெரிய கோளாறு இருப்பது அரிது. மூட்டு வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, நொண்டல் இல்லை, இடையில் வலியே இல்லாத நாட்கள் இருக்கின்றன, சாப்பாடும் எடையும் சரியாக இருக்கின்றன என்றால் படம், ஸ்கேன், ரத்தம் எதுவும் தேவையில்லை.

சரி, ராத்திரி என்ன செய்வது? நீங்கள் செய்வதையே செய்யுங்கள். அமுக்கிவிடுவது வைத்தியம்தான். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ லேசாகச் சூடுகாட்டி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஐந்து பத்து நிமிடம் நீவிவிட்டால் போதும். எண்ணெயில் பெரிய ரகசியம் இல்லை, வேலை செய்வது கை. ஒத்தடம் கொடுப்பதானால் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். வெந்நீர்ப் பையைத் துணி சுற்றாமல் வைப்பதும், குழந்தை தூங்கிய பிறகும் காலடியிலேயே விட்டுவிடுவதும் வேண்டாம். தூங்குகிற குழந்தை சூடு பட்டாலும் சட்டென்று காலை இழுக்காது. கொப்புளத்தோடு வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன்.

தைலம், பாம் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் கற்பூரமும், விண்டர்கிரீன் எண்ணெய் எனப்படும் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கும். பெரியவர்கள் முதுகில் தேய்க்கிற அதே புட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். சின்னக் குழந்தை அதை ஒரு வாய் குடித்தாலும் ஆபத்து. கற்பூரம் உள்ளே போனால் சீக்கிரமே வலிப்பு வரும். உங்கள் மகளுக்குத் தைலம் தேவையே இல்லை. வீட்டில் இருந்தால் பீரோவுக்கு மேலே போகட்டும்.

நிறையப் பேர் செய்யாமல் விடுவது, ஆனால் பலன் தருவது, தசையை நீட்டும் பயிற்சி. 1988-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், பெற்றோர் தினமும் தசையை நீட்டிவிட்ட பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரமாக வலி நின்றது. செய்வது எளிது. சாப்பிட்டுப் படுக்கிறதுக்கு முன், சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். ஒரு கால் முன்னே மடங்கி, ஒரு கால் பின்னே நீட்டி. பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, அதுதான் சூட்சுமம். கெண்டைக்கால் இழுப்பது அவளுக்கே தெரியும். 20 வரை எண்ணிவிட்டுக் கால் மாற்றட்டும். அடுத்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைத் தொடுவது, முட்டி மடங்காமல். மூன்றாவது, குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலைப் பிடித்துக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்குவது. இது முன்தொடைக்கு. ஒவ்வொன்றும் மூன்று தடவை, காலையும் இரவும். அழுத்தித் தள்ளக் கூடாது, வலித்தால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும், இரண்டு நாளில் தெரியாது.

ரொம்ப அழுகிற ராத்திரி பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவுதான் இங்கே விஷயம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகளின் 18 கிலோவுக்கு 180 முதல் 270 மி.கி. கடையில் ஒரே பெயரில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் வெவ்வேறு வீரியம் விற்கிறார்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் அவளுக்கு 10 மி.லி. சரி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால் 5 மி.லி.தான். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கிறது. "போன தடவை 10 மி.லி. கொடுத்தோமே" என்று புட்டி மாறியது தெரியாமல் டிராப்ஸை அதே மூடியில் ஊற்றினால் 1,000 மி.கி. போய்விடும். லேபிளைப் படிக்காமல் மூடியை எடுக்காதீர்கள். இரண்டு வேளைக்கு நடுவில் 6 மணி நேரம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஓரிரு ராத்திரி கொடுப்பதில் பயமில்லை. தினமும் தேவைப்படுகிறது என்றால் அது வளர்ச்சி வலியா என்று மறுபடி யோசிக்க வேண்டும்.

இபுப்ரோஃபென் நல்ல மருந்துதான், ஆனால் வீட்டிலிருந்து நீங்களாகக் கொடுக்க வேண்டாம். நம் ஊரில் மழைக்காலத்தில் காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் டெங்குவா என்ற கேள்வி முதலில் நிற்கும். டெங்குவில் அது ரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்கு வலிக்காகக் கொடுப்பதே இல்லை. நிமெசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2011-லேயே தடை செய்துவிட்டது. இருந்தும் "வீட்டில் மீதி இருந்தது" என்று அதைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கால் வலிக்குது என்று மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொள்வதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த ஏஎஸ்ஓ. உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது கால்வலி இல்லை, இதுதான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையில் வந்துபோனால், அதை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளின் அளவுதான் ஏஎஸ்ஓ. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் வருடத்தில் பாதி நாள் யாருக்காவது தொண்டைவலி. அதனால் நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இந்த எண் கூடுதலாகவே இருக்கும். லேப் தாளில் 200க்கு மேல் போனாலே தடித்த எழுத்தில் அச்சடித்துவிடுகிறார்கள், அதைப் பார்த்து வீடே பதறுகிறது. 380 என்பதற்கு அர்த்தம், "இந்தக் குழந்தைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தக் கிருமி வந்துபோயிருக்கலாம்" என்பது மட்டும்தான். ருமாட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது என்று அது சொல்லவில்லை.

ருமாட்டிக் காய்ச்சல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் குழப்பம் தீரும். 5 முதல் 15 வயதுக்குள், தொண்டைவலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, காய்ச்சலோடு ஒரு பெரிய மூட்டு, சொல்லப்போனால் முட்டி, வீங்கிச் சிவந்து சூடாகும். தொடவிடாது, நடக்கவிடாது. இரண்டு மூன்று நாளில் அது அடங்கி, கணுக்காலுக்குத் தாவும், பிறகு முழங்கைக்கு. பகல், ராத்திரி வித்தியாசம் கிடையாது. மூட்டை நக்கிவிட்டுப் போய் இதயத்தைக் கடிக்கும் என்று பழைய டாக்டர்கள் சொல்வார்கள். மூட்டு தடயமில்லாமல் ஆறிவிடும், இதய வால்வு பாழாகும். அதனால்தான் அந்த நோய் உறுதியானவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். அந்த ஊசி உயிர் காக்கிற ஊசி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை முடிவு செய்ய 1944-ல் டக்கெட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த, கடைசியாக 2015-ல் திருத்தப்பட்ட அளவுகோல் இருக்கிறது. மூட்டு, இதயம், தோல், கை கால் வெட்டிவெட்டி இழுப்பது, அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள், இசிஜி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற அளவுகோல் அது. ஏஎஸ்ஓ அதில் ஒரு துணைச் சாட்சி. துணைச் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ராத்திரி தசை குடைந்து, காலையில் ஓடுகிற குழந்தைக்கு இந்த எண்ணை வைத்து ஊசி ஆரம்பிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனாலும் இதைப் படித்துவிட்டு நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். ஊசி ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் நீங்களே நிறுத்தவும் வேண்டாம். வேறொரு குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, ஈஎஸ்ஆர், சிஆர்பி, இசிஜி, எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று பார்த்து, "ருமாட்டிக் காய்ச்சல் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊசி இடுப்புச் சதையில் போடுவது, நல்ல வலி. காரணமில்லாமல் அதை வருடக்கணக்கில் ஒரு குழந்தைக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. "இதய நோயாளி" என்ற பெயர் வேறு சேர்ந்துகொள்ளும், விளையாட விடமாட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் கால்சியம் சிரப்புக்கு வருவோம். அதனால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. தினம் இரண்டு தம்ளர் பாலோ தயிரோ, வாரத்தில் சில நாள் கேழ்வரகும் சாப்பிடுகிற குழந்தைக்குச் சிரப் தேவைப்படாது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் 120 மி.கி. அளவுதான். வைட்டமின் டி வேறு கதை. இத்தனை வெயில் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு நம் பிள்ளைகளுக்கு அது குறைவாக இருப்பது விசித்திரம்தான், ஆனால் உண்மை. காலை எட்டு மணிக்கு வேனில் ஏறி மாலை ஐந்து மணிக்கு டியூஷனில் இறங்கினால் வெயில் எங்கே படும்? குறைவு அதிகமானால் கால் வலிக்கும், மாடி ஏறத் திணறும், சின்னக் குழந்தைக்கு மணிக்கட்டு தடித்து, கால் வில் போல வளையும். எனவே வலி தொடர்ந்தால் அந்த ஒரு பரிசோதனையைச் செய்வதில் நியாயம் உண்டு. இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கத்தின் கணக்குப்படி ஒரு மி.லி. ரத்தத்தில் 12 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 20-க்கு மேலே போதுமானது. குறைந்திருந்தால் டாக்டர் சொல்கிற அளவில் கொடுங்கள். 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று எழுதியதை தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு கொடுத்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாக அட்மிட் ஆகிற குழந்தைகள் உண்டு.

இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாகப் படுத்ததும் வலியைவிடக் "கால் என்னமோ பண்ணுது, ஆட்டணும் போல இருக்கு" என்று அவள் சொன்னால். அது கால் துடிப்பு என்ற வேறு கோளாறு. ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு, குறைந்த பிள்ளைகளுக்கு அது அதிகம், இரும்புச்சத்து கொடுத்தால் பலருக்கு அடங்கும்.

இப்போது பயப்பட வேண்டிய இடங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. வளர்ச்சி வலி என்ற பெயரை எல்லா வலிக்கும் ஒட்டிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது.

காய்ச்சலோடு ஒரு மூட்டு வலித்து, குழந்தை காலை ஊன்றவே மறுத்தால் அன்றைக்கே மருத்துவமனை. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் குருத்தெலும்பு கரைவது நாள்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில். "நாளைக்குக் காலையில் பார்க்கலாம்" என்பது இங்கே செல்லாது. இதற்கு ஒரு சாது உறவு இருக்கிறது. சளி, காய்ச்சல் வந்து போன பிறகு 3 முதல் 8 வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் காலையில் திடீரென்று நொண்டும், இடுப்பு மூட்டில் தற்காலிக நீர்க்கோர்ப்பு. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். இரண்டையும் பிரிப்பது காய்ச்சலின் அளவு, ரத்தப் பரிசோதனை, ஒரு அல்ட்ராசவுண்ட். வீட்டில் பிரிக்க முடியாது, அதனால் முயற்சி செய்யாதீர்கள்.

ஃப்ளூ காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் இரண்டு கெண்டைக்காலும் கல் போல வலித்து, குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிற பிள்ளைகளையும் வருடா வருடம் பார்க்கிறோம். பெற்றோர் வாதம் வந்துவிட்டதோ என்று அலறியடித்து வருவார்கள். தசையில் வைரஸ் அழற்சி, ஒரு வாரத்துக்குள் ஓடிப்போகும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் கறுப்பு காபி நிறத்தில் போனால் மட்டும் உடனே ஓடி வாருங்கள். கால் வலிக்காமல் பலம் மட்டும் குறைந்துகொண்டே போனாலும் அப்படியே.

முட்டி வலி என்று வருகிற குழந்தையின் இடுப்பைப் பார்க்காத டாக்டரிடம் மறுபடி போகாதீர்கள் என்று என் மாணவர்களிடமே சொல்வேன். இடுப்புக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பு உணர்வைக் கொண்டுபோகிறது. கோளாறு இடுப்பில் இருக்கும், குழந்தை முட்டியைக் காட்டும். 4 முதல் 8 வயதுப் பையன்களுக்குத் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது மெல்ல நொறுங்குகிற பெர்த்தெஸ் நோய் இருக்கிறது. 10 வயதுக்கு மேல், அதுவும் கொஞ்சம் பருத்த பிள்ளைகளுக்கு, எலும்பின் தலை சட்டி மூடி சறுக்குவது போல வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும். முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டால் நழுவியது இன்னும் நழுவிக்கொண்டே போகும்.

காலையில் எழுந்ததும் கை கால் இறுகி, அரை மணி ஒரு மணி கழித்துத்தான் நடை சரியாகிறது என்றால் அது மூட்டழற்சியின் குணம். ஆறு வாரத்துக்கு மேல் ஒரு மூட்டு வீங்கியே இருந்தால் குழந்தைகளுக்கும் ஆர்த்ரைட்டிஸ் வரும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த நோய் சத்தமில்லாமல் கண்ணுக்குள்ளும் போகும், கண் சிவக்காது, வலிக்காது. அதனால் கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

எல்லாரும் கேட்கத் தயங்குகிற ஒன்று, ரத்தப் புற்றுநோய். ஆமாம், அதுவும் கால் வலியாக ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த வலி குழந்தையை பகலிலும் விடாது. ஓடிய குழந்தை தூக்கச் சொல்லும். முகம் வெளிறும், காய்ச்சல் வந்து வந்து போகும், அடிபடாமலே கன்னிப்போன திட்டுகள் தெரியும், எடை இறங்கும். இப்படி இருந்தால் ரத்த அணுக்கள் கணக்கும், ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கிற ஸ்மியரும் பார்க்க வேண்டும். காரணம் தெரியாத மூட்டு வலிக்கு "ரெண்டு நாள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு அந்தப் புற்றணுக்களைக் கொஞ்ச நாள் அடக்கிவைத்து, கண்டுபிடிப்பதையே தள்ளிப்போட்டுவிடும்.

அப்புறம், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை முதுகு வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். அந்த வயதில் முதுகு வலி சாதாரணமில்லை. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயும் இருக்கிறது.

இனி உங்கள் மகன். 11 வயது, ஃபுட்பால், முட்டிச் சில்லுக்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே எலும்பு புடைத்து, அழுத்தினால் வலி, படி ஏறும்போதும் முட்டி போடும்போதும் வலி. இது ஆஸ்குட் - ஷ்லாட்டர். 1903-ல் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்த இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதியதால் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டது. முன்தொடைத் தசை முழுவதும் ஒரு தசைநாராகி, முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பின் முன்பக்கத்தில் ஒரு சின்ன மேட்டில் வந்து கட்டப்பட்டிருக்கிறது. இந்த வயதில் அந்த மேடு இன்னும் முழு எலும்பாகவில்லை. பந்தை உதைக்கிற ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைச் சுண்டி இழுக்கிறான். வலி வராமல் என்ன செய்யும்?

"விளையாட்டையே நிறுத்து" என்று சொல்லிவிடாதீர்கள். அவன் நிறுத்த மாட்டான், வலியை மறைக்க ஆரம்பிப்பான். நான் பிள்ளைகளோடு போட்டுக்கொள்கிற ஒப்பந்தம் இது: பத்துக்கு மூன்று மார்க் வலி வரை ஆடலாம், அதற்கு மேல் போனால் வெளியே வந்துவிட வேண்டும். மறுநாள் காலையும் வலி இருந்தால் அன்று ஆட்டம் இல்லை. வாரம் ஆறு நாள் ஆடினால் மூன்று நாளாகக் குறைக்கட்டும். ஆடி முடித்து வந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி பத்து நிமிடம் வைக்கட்டும். மகளுக்குச் சொன்ன மூன்றாவது பயிற்சி, குப்புறப் படுத்துக் குதிகாலை மடக்குவது, இவனுக்கும் முக்கியம், வலி தணிந்த நாட்களில். ஒன்றிரண்டு வருடம் விட்டு விட்டு இருக்கும், எலும்பு முற்றியதும் நின்றுவிடும். புடைப்பு மட்டும் பெரியவனாகியும் இருக்கலாம், அதனால் தொல்லை இல்லை. அந்த மேட்டில் நாட்டுக்கட்டு, ஊசி, "எலும்பைத் தட்டி உள்ளே தள்ளுவது" எதுவும் வேண்டாம். மேலே சொன்ன இடுப்பு விஷயத்தை மறக்காமல், அவனையும் ஒருமுறை டாக்டர் கையால் பார்க்கட்டும்.

இதே கதை குதிகாலிலும் வரும், 8 முதல் 13 வயதில், கட்டாந்தரையில் வெறுங்காலோடு ஓடுகிறவர்களுக்கும் அடிப்பாகம் தேய்ந்த ஷூ போடுகிறவர்களுக்கும். பரதநாட்டியம் கற்கிற பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறேன், சிமென்ட் தரையில் தட்டடவு போட்டு. குதிகாலுக்கு ஒரு மெத்தை போன்ற பேட், கெண்டைக்கால் பயிற்சி, கொஞ்ச நாள் தட்டுவதைக் குறைப்பது, அவ்வளவுதான். வேகப்பந்து வீசுகிற பையனுக்கு இடுப்பு முதுகு மூன்று வாரத்துக்கு மேல் வலித்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம், முதுகெலும்பில் மயிரிழை விரிசல் இருக்கக் கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்று, வீட்டில் சின்னக் குழந்தை வந்துபோனால் உதவும். 1 முதல் 4 வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்துச் சுண்டித் தூக்கினால், பஸ் ஏற்றும்போதோ, "ஊஞ்சல்" ஆட்டும்போதோ, முழங்கையில் ஒரு எலும்பு தன் வளையத்திலிருந்து நழுவும். குழந்தை ஒரு கத்து கத்திவிட்டு, கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டுக்கொள்ளும். வீக்கம் இருக்காது, பிஸ்கட் நீட்டினால் மற்ற கையை நீட்டும். டாக்டர் ஒரு திருகு திருகினால் சில நொடியில் சரி, பத்து நிமிடத்தில் அதே கையால் பிஸ்கட் வாங்கும். ஆனால் கீழே விழுந்து முழங்கை வீங்கியிருந்தால் அது வேறு. அங்கே யாரும் தொட்டு நீவக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. வீங்குகிற முழங்கையை மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, விரல்கள் வாழ்நாள் முழுக்க மடங்கிப்போகும். வோல்க்மன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1881-ல் எழுதியதை இன்றைக்கும் வார்டில் பார்க்கிறோம். கட்டிய கையில் விரல் வெளுத்தோ நீலமாகவோ மரத்தோ போனால், விரலை நீட்டிவிட்டால் குழந்தை துடித்தால், கட்டியவர் யாராக இருந்தாலும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டாகவே இருந்தாலும், உடனே பிரிக்க வைக்க வேண்டும்.

பள்ளிப் பையையும் ஒருமுறை தராசில் வையுங்கள். 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பை கொள்கை, பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. உங்கள் மகளுக்கு 1.8 கிலோ. தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் சேர்த்துப் பாருங்கள், எத்தனை வருகிறது என்று.

டாக்டரிடம் போகும்போது ஃபைலை விட உபயோகமான ஒன்றைக் கொண்டுபோங்கள். ராத்திரி அழும்போது அவள் எங்கே கை வைத்துக் காட்டுகிறாள் என்று போனில் அரை நிமிட வீடியோ ஒன்று. மறுநாள் காலை படுக்கையை விட்டு எழுந்து முதல் பத்து அடி நடப்பது இன்னொன்று. இரண்டையும் எடுத்து, தேதி எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எந்தக் குழந்தையும் நொண்டிக் காட்டுவதில்லை, மீன் தொட்டியைப் பார்த்து ஓடிவிடும்.